கோப்ளின்கள் குழியில் விழுகின்றன, ஆனால் திரும்ப வந்துவிடுகின்றன: உதவி (அவசரம்)

அரைத்தூக்கம் · இரவு 11:48
ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸ், குள்ளர்களை வைத்துக் கோட்டை கட்டும் கணினி ஆட்டம். கோட்டை வாசலில் குழி வெட்டி மேலே பாலம் போட்டிருக்கிறேன். லீவரை இழுத்தால் பாலம் உள்ளே போய்விடும், மேலே நின்ற கோப்ளின்கள் குழியில் விழும். அதுவரை சரி. விழுந்த கொஞ்ச நேரத்திலேயே எல்லாம் நடந்து வெளியே வந்து அடிக்கின்றன. போன முற்றுகையில் 9 பேர் காலி, அதில் என்னுடைய ஒரே நல்ல கொல்லனும் ஒருத்தன். இப்போது அடுத்த கூட்டம் மேப் ஓரத்தில் வந்து நிற்கிறது. ஆட்டத்தைப் பாஸ் போட்டு நிறுத்திவிட்டு எழுதுகிறேன். எங்கே தப்பு? சீக்கிரம் ப்ளீஸ்.

மூன்றாம்மாடி · 11:53
குழி எத்தனை லெவல் ஆழம்? மேலிருந்து சேனல் (தரையைக் கீழ்நோக்கி வெட்டும் கட்டளை) போட்டு வெட்டினீர்களா, கீழே போய்க் குடைந்தீர்களா? அடியில் ஈட்டி ஏதாவது நட்டிருக்கிறீர்களா, வெறும் தரையா? படம் போட்ட ஸ்டீம் பதிப்பா, வெறும் எழுத்துக்குறியில் ஓடும் கிளாசிக்கா? ஸ்க்ரீன்ஷாட் இருந்தால் போடுங்கள், குழியின் மேல் லெவல் ஒன்று, அடி லெவல் ஒன்று.

வழுக்குப்பாறை · 11:57
இதில் கேட்க என்ன இருக்கிறது, சுவர் ஏறி வருகின்றன. 2014 பதிப்பிலிருந்தே இந்த உலகத்தில் எல்லாருக்கும் சுவர் ஏறத் தெரியும். சொரசொரப்பான சுவரில் கையும் காலும் வைக்க இடம் இருக்கும். குழியின் நாலு பக்கமும் ஸ்மூத் செய்யுங்கள், அப்புறம் ஒன்றும் ஏறாது. நான் ஒவ்வொரு கோட்டையிலும் முதல் வருடமே செய்துவிடுவேன்.

கூண்டுக்காரி · இரவு 12:04
குழியே எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. ஒரு கல்லில் ஒரு மெக்கானிசம், ஒரு மரத்தில் ஒரு கூண்டு. இரண்டையும் சேர்த்தால் ஒரு கேஜ் ட்ராப், கூண்டுப் பொறி. வாசல் நடையில் இரண்டு வரிசை வைத்துவிட்டால் மிதித்தவன் கூண்டுக்குள். கோபால்டு மாதிரிச் சில குட்டி ஜந்துகள் மாட்டாமல் போகும், திருட்டுப் பயல்கள், போகட்டும். வியாபாரிகளின் வண்டி வர 3 கட்டம் அகலத்துக்கு ட்ராப் இல்லாத வழி ஒன்று விடுங்கள், வண்டி ட்ராப் மேல் ஏறாது. இதை மறந்துவிட்டு "ஏன் வண்டி வரவில்லை" என்று தனி இழை போட வேண்டாம்.

ஆதிகுள்ளன் · 12:11
மாதம் ஒருமுறை இதே கேள்வி. விக்கி என்று ஒன்று இருக்கிறது தம்பி, அதில் எழுத்துகளும் இருக்கின்றன. மேல் கீழ் லெவலே இல்லாமல் எல்லாம் ஒரே தளமாக இருந்த காலத்திலிருந்து நான் ஆடுகிறேன். அன்றைக்கு எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. படம் போட்ட பதிப்பு 2022 டிசம்பரில் வந்தது, அன்றிலிருந்து யாரும் எதையும் படிப்பதில்லை. பதில் கேள்வியிலேயே இருக்கிறது, யோசியுங்கள்.

டீக்கடைபெஞ்ச் · 12:13
வந்துவிட்டார் பெரியவர். பதிலைத் தவிர மற்ற எல்லாம் சொல்லிவிட்டார்.

ஆதிகுள்ளன் · 12:16
மீனைப் பிடித்து வாயில் ஊட்ட நான் ஆயா இல்லை. அப்புறம், கேஜ் ட்ராப் ஆலோசனையெல்லாம் ஆட்டமே இல்லை. ஒரு மரக்கூண்டில் டிராகன் போய் உட்கார்ந்துகொள்ளும் என்றால் அது காவலா, கண்கட்டு வித்தையா?

கூண்டுக்காரி · 12:20
ஆட்டத்தில் இருக்கிறது, அதனால் வைக்கிறேன். ஆட்டத்தை உருவாக்கிய ஆடம்ஸ் சகோதரர்கள் என்னிடம் வந்து புகார் சொல்லவில்லை. நீங்கள் போன மாதம் தூக்குபாலத்தை இறக்கி அடியில் நின்றவர்களை அணுகூட மிச்சமில்லாமல் அழித்ததாகப் பெருமையாக எழுதியிருந்தீர்களே, அது மட்டும் வீரமா?

ஆதிகுள்ளன் · 12:24
பாலத்துக்கு நேரம் பார்க்க வேண்டும். லீவரை இழுக்க ஆள் போய்ச் சேர வேண்டும், இழுத்த பிறகும் பாலம் கொஞ்சம் தாமதித்துத்தான் அசையும். பெரிய மிருகம் வந்தால் அந்த வித்தை பலிக்காது. கூண்டில் என்ன திறமை இருக்கிறது?

வழுக்குப்பாறை · 12:27
வெப்பன் ட்ராப் என்று நடுவில் ஒன்று இருக்கிறதே. ஒரு மெக்கானிசம், மேலே 10 ஆயுதம் வரை. பல்வைத்த வட்டத்தகடு பத்தையும் போட்டால் கோப்ளின் துண்டு துண்டாகத்தான் வரும். பிணம் மாட்டி ஜாம் ஆகும், ஆள் போய் எடுக்க வேண்டும், அதுதான் நியாயமான விலை.

கூண்டுக்காரி · 12:31
நம்ம குள்ளன் ஒருத்தன் அதன் மேல் மயங்கி விழுந்தால் அவனையும் அதே தகடுதான் அரியும். அனுபவத்தில் சொல்கிறேன். என் மேயர்.

டீக்கடைபெஞ்ச் · 12:32
தேர்தல் செலவு மிச்சம்.

மூன்றாம்மாடி · 12:34
கேட்டவர் பாஸ் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார். @அரைத்தூக்கம் நான் கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள். "நடந்து வெளியே வந்து" என்று எழுதியிருக்கிறீர்கள். நடந்துதானா, ஏறியா?

அரைத்தூக்கம் · 12:41
ஸாரி, சாப்பிடப் போயிருந்தேன். ஸ்டீம். சேனல்தான் போட்டேன். ஒரு லெவல். 5க்கு 6 கட்டம். அடியில் ஒன்றும் வைக்கவில்லை. நடந்துதான் வருகின்றன, ஓரத்தில் முக்கோணம் முக்கோணமாக ஏதோ இருக்கிறது, அது வழியாக. அது வெறும் டிசைன் என்று நினைத்தேன்.

மூன்றாம்மாடி · 12:52
அந்த முக்கோணம்தான் ராம்ப். சரிவு.

சேனல் என்பது தரையை மட்டும் எடுக்கிற வேலை இல்லை. கீழே கெட்டியான மண்ணோ பாறையோ இருந்தால் அதையும் செதுக்கி, அந்தக் கட்டத்தில் ஒரு சரிவை விட்டுவிட்டு வரும். 30 கட்டத்துக்குச் சேனல் போட்டீர்கள், குழியின் அடியில் 30 சரிவு. அதில் சுவரை ஒட்டி இருப்பதெல்லாம் மேலே நிலத்துக்குப் போகிற வழி. நீங்கள் குழி வெட்டவில்லை, வாசலுக்கு அகலமான படிக்கட்டு கட்டி அதன் மேல் ஒரு பாலமும் போட்டிருக்கிறீர்கள்.

இதில் இன்னொரு வினையும் இருக்கிறது. முற்றுகைக்கு வருகிறவர்கள் உள்ளே வர வழி இருக்கிறதா என்று பார்த்துத்தான் நடப்பார்கள். வழியே இல்லை என்றால் பெரும்பாலும் வெளியிலேயே சுற்றிக்கொண்டிருப்பார்கள். பாலத்தை விலக்கினால் கோட்டை மூடிக்கொள்ளும் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். மூடவில்லை. சரிவில் இறங்கி, எதிர்ச் சரிவில் ஏறி வந்திருப்பார்கள். பாலம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உங்கள் வாசல் திறந்தேதான் இருந்தது.

இப்போதைக்கு: தோண்டும் மெனுவில் படி, சரிவு நீக்குகிற கட்டளை இருக்கிறது. குழியின் அடி லெவலுக்குப் போய் முழுவதையும் அதில் குறியுங்கள். பாலத்தை விலக்கியே வையுங்கள். சரிவு போனதும் வழி அடைபடும், அவர்கள் வெளியே நிற்பார்கள். நீங்கள் தயாரானதும் பாலத்தை நீட்டுங்கள், வருவார்கள், நடுவில் வந்ததும் விலக்குங்கள். ஒரு லெவல் விழுந்தால் பெரிய அடி படாது. அதனால் விளிம்பில் வில்லாளிகளை நிறுத்துங்கள். பிறகு நிதானமாக ஆழப்படுத்தி அடியில் ஈட்டி நடலாம். வழுக்குப்பாறை சொன்ன ஸ்மூத் அதற்கு அடுத்த வேலை. இப்போது சுவர் மண்ணாக இருந்தால் அது நடக்காது, பாறையைத்தான் வழவழப்பாக்க முடியும்.

வழுக்குப்பாறை · 12:55
ஏறுவதையும் நான் பார்த்திருக்கிறேன். சரிவை எடுத்த பிறகு ஏறும், அப்போது சொல்லுங்கள்.

ஆதிகுள்ளன் · 12:59
பாதிதான் சரி. இரண்டு லெவல் நேராக இறக்கியிருந்தால் சரிவை எடுக்கவே வேண்டாம். அடிச் சரிவுக்குப் பக்கத்தில் மேல் லெவலில் நிற்கத் தரை இருக்காது, சுவர்தான் இருக்கும். போக இடம் இல்லாத சரிவு செத்த சரிவு. ஒரு லெவலோடு சோம்பேறித்தனமாக நிறுத்தினதுதான் தப்பு. நான் ஆரம்பத்திலேயே சொன்னேன்.

டீக்கடைபெஞ்ச் · 1:01
எங்கே சொன்னீர்கள்?

ஆதிகுள்ளன் · 1:02
யோசியுங்கள் என்றேன்.

கூண்டுக்காரி · 1:06
பாலம் நண்பன் எதிரி பார்க்காது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒருமுறை என் வீட்டுப் பூனை, இலையுதிர் காலத்தில் வந்த வியாபாரி, இரண்டு கோப்ளின், எல்லாரும் ஒரே குழியில். கூண்டாக இருந்தால் வியாபாரி மிதித்தாலும் மூடாது.

ஆதிகுள்ளன் · 1:08
மறுபடியும் கூண்டு.

அரைத்தூக்கம் · 1:19
சரிவை எல்லாம் எடுத்தாச்சு!! கோப்ளின் வெளியே நின்று முழிக்கிறது. ஆனால் எடுக்கப் போன சுரங்கக் குள்ளர் இரண்டு பேரும் குழிக்குள்ளேயே நிற்கிறார்கள். மேலே வர வழி இல்லை. ஒருத்தனுக்குத் தாகம் என்று காட்டுகிறது.

டீக்கடைபெஞ்ச் · 1:20
குழி வேலை செய்கிறது என்று உறுதியாகிவிட்டது.

மூன்றாம்மாடி · 1:23
அது என் தப்பு, சொல்லியிருக்க வேண்டும். பதற வேண்டாம், அவர்கள் கையில் பிக்காசு இருக்கிறது. குழிச் சுவரிலிருந்து கோட்டைப் பக்கம் ஒரு கட்ட அகலத்தில் சுரங்கம் குறியுங்கள், உள்ளே அதே லெவலில் இருக்கும் ஏதாவது அறையில் போய் முட்டட்டும். வந்து சேர்ந்ததும் சுரங்கத்தைச் சுவர் வைத்து அடைத்துவிடுங்கள். கதவு வைத்துப் பூட்டினால் கோப்ளினுக்குப் போதும், ஆனால் கூட்டத்தில் ட்ரோல் என்கிற பெரிய பூதம் இருந்தால் கதவை உடைத்துவிடும். பின்னாளில் குழியில் கிடக்கிற இரும்புச் சாமானை அள்ள இந்தச் சுரங்கமே உதவும், அப்போது திறந்துகொள்ளலாம். அடைக்கிற வரைக்கும் பாலத்தைத் தொடாதீர்கள்.

அரைத்தூக்கம் · 1:34
வந்துவிட்டார்கள், நேராகச் சாராயக் கிடங்குக்குள்ளேயே வந்து விழுந்தார்கள் 😀 எல்லாருக்கும் நன்றி. பாலத்தை நீட்டிப் பார்க்கிறேன்.

மூன்றாம்மாடி · 1:35
சுரங்கத்தை அடைத்துவிட்டீர்கள்தானே?

மூன்றாம்மாடி · 1:52
@அரைத்தூக்கம்?

டீக்கடைபெஞ்ச் · காலை 7:10
கோப்ளின்களுக்குச் சாராயம் பிடித்திருக்கும் என்று நினைக்கிறேன்.