ஏற்காடு டைம்ஷேர்: வாடகைக்கு விடும் தளத்தில் 7,079 ரூபாய் கட்டி கோல்டு மெம்பர் ஆகலாமா?

கொலுசுப்பட்டறை (செவ்வாய்ப்பேட்டை), மார்ச் 9, இரவு 10:40

வணக்கம். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் சின்னதாக ஒரு கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். 2011இல் ஒரு ஓட்டலுக்குக் குடும்பத்தோடு கூப்பிட்டு, இரவுச் சாப்பாடு போட்டு, மூன்று மணி நேரம் பேசி, 25 வருட டைம்ஷேர் ஒன்றைத் தலையில் கட்டிவிட்டார்கள். வருடத்துக்கு ஏழு இரவு அவர்கள் ரிசார்ட்டில் தங்கிக்கொள்ளலாம். ஏற்காட்டிலேயே அவர்களுக்கு ரிசார்ட் இருக்கிறது. முதல் நான்கைந்து வருடம் ஆசையாகப் போனோம். அப்புறம் பையனுக்குப் பத்தாம் வகுப்பு, பெண்ணுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு, அம்மாவுக்கு முட்டிவலி. மூன்று வருடமாக ஒரு இரவுகூடத் தங்கவில்லை. ஆனால் வருடப் பராமரிப்புக் கட்டணம் மட்டும் தவறாமல் வருகிறது: 18,000, அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக 21,240 ரூபாய்.

சும்மா போகும் இரவுகளை வாடகைக்கு விடலாம் என்று ஒரு தளத்தில் இலவசமாக விளம்பரம் போட்டேன். மூன்று மாதத்தில் "11 பேர் விசாரித்திருக்கிறார்கள்" என்று காட்டுகிறது. யார், என்ன கேட்டார்கள் என்று பார்க்க முடியவில்லை. போன் நம்பரில் கடைசி இரண்டு எண் மட்டும் தெரிகிறது. முழுதாகத் தெரிய கோல்டு மெம்பர் ஆக வேண்டுமாம். வருடத்துக்கு 5,999, ஜிஎஸ்டியோடு 7,079. என் விளம்பரம் முதல் பக்கத்தில் வரும், பெயருக்குப் பக்கத்தில் "சரிபார்க்கப்பட்ட உரிமையாளர்" என்று டிக் போடுவார்கள்.

இன்று மதியம் அங்கிருந்து ஒரு பெண் போன் செய்தார். மே மாதம் கோடை விழா சமயத்தில் ஏழு இரவும் எடுத்துக்கொள்ள ஒரு பெங்களூரு குடும்பம் தயாராக இருக்கிறதாம், 35,000 தருவார்களாம், நாளை மாலைக்குள் நான் சந்தா கட்டினால் இணைத்துவிடுவார்களாம். கணக்கில் லாபம்தான், ஆனால் மனசு ஒப்பவில்லை. வெள்ளியை உரசிப் பார்த்தால் டச், அதாவது எவ்வளவு சுத்தம் என்பது, தெரிந்துவிடும். இதை எதில் உரசுவது? கட்டிப் பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

இரும்பாலைவாசி, மார்ச் 9, இரவு 11:15

பின்தொடர்கிறேன். எனக்கும் அதே போன் வந்தது சார். எனக்குச் சொன்னது ஹைதராபாத் குடும்பம். தொகை அதே 35,000.

ரிட்டயர்டு கிளார்க் (அழகாபுரம்), மார்ச் 10, காலை 6:20

தம்பி, தளத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் 2011இல் கையெழுத்துப் போட்ட அக்ரிமெண்டை பீரோவிலிருந்து எடுங்கள். இரண்டு விஷயம் பார்க்க வேண்டும்.

முதலாவது, உங்கள் சீசன் எது. சிவப்பு, வெள்ளை, நீலம் என்று ஏதாவது ஒரு நிறம் போட்டிருப்பார்கள். வருடத்தில் எந்த வாரங்களில் நீங்கள் தங்கலாம் என்பது அந்த நிறத்தைப் பொறுத்தது.

இரண்டாவது, "கெஸ்ட்" என்ற சொல் வரும் பத்தி. நம் நாட்டு டைம்ஷேர் பெரும்பாலும் கட்டடத்திலோ நிலத்திலோ பங்கு கிடையாது, குறிப்பிட்ட காலத்துக்குத் தங்கும் உரிமை மட்டும்தான். அந்த உரிமையை வாடகைக்கு விடலாமா என்பது கம்பெனி எழுதிய விதியைப் பொறுத்தது. உறவினரையோ நண்பரையோ அனுப்பலாம், பணத்துக்கு விற்கக் கூடாது என்று பல அக்ரிமெண்டில் இருக்கும். அப்படி இருந்தால் உங்கள் பெயரையும் ரிசார்ட் பெயரையும் போட்டு முதல் பக்கத்தில் விளம்பரம் வருவது உங்களுக்கு எதிரான சாட்சி. அதற்கு நீங்களே காசு கட்டுவானேன்?

இன்னொன்று. உங்கள் வாரத்தை ஆர்சிஐ மாதிரி பரிமாற்ற அமைப்பில் கொடுத்து வேறு ஊரில் இடம் வாங்கியிருந்தால் அதை வாடகைக்கு விடவே கூடாது. அது அவர்கள் விதியிலேயே உண்டு. கெஸ்ட் சர்டிபிகேட் எடுத்து நண்பருக்குக் கொடுக்கலாம், விற்க முடியாது.

ஆத்தூரான், மார்ச் 10, காலை 9:05

நான் கட்டியவன். வேறு தளம், அங்கே அதற்குப் பெயர் பிரீமியம். சுருக்கமாகச் சொன்னால் போச்சு.

கட்டியதும் 23 விசாரணை திறந்தது. ஒன்பது நம்பர் உபயோகத்தில் இல்லை. ஆறேழு பேர் புரோக்கர்கள், "உங்கள் வாரத்தை நாங்களே விற்றுத் தருகிறோம், பதிவுக் கட்டணம் மட்டும் அனுப்புங்கள்" என்று ஆரம்பித்தார்கள். நாலு பேர் என்னைப் போலவே உரிமையாளர்கள், "உங்களுக்கு ஏதாவது போச்சா?" என்று என்னிடம் கேட்டார்கள்! மீதிப் பேரில் ஒரே ஒரு திருப்பூர்க்காரர் இரண்டு இரவு தங்கினார். ஆறாயிரம் கிடைத்தது.

கொடுமை என்னவென்றால் அடுத்த வருடம் சந்தா தானாகவே மறுபடி போய்விட்டது. முதல் தடவை கட்டும்போதே ஆட்டோபேக்கு டிக் போட்டிருந்திருக்கிறேன். தானாக எடுக்கும் பணத்துக்கு 24 மணி நேரம் முன்னால் தகவல் அனுப்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. அனுப்பியும் இருந்தார்கள். கடன் வேண்டுமா, கார்டு வேண்டுமா என்று வருகிற நாற்பது மெசேஜில் அது எங்கே கண்ணில் படும்? யாராவது கட்டினால் அன்றைக்கே யுபிஐ ஆப்பில் ஆட்டோபே பகுதிக்குப் போய் அதை ரத்து செய்துவிடுங்கள்.

அண்ணா, உரசிப் பார்க்க ஒரு வழி கேட்டீர்களே, இதோ. உங்கள் விளம்பரத்தில் "கிடைக்கும் தேதிகள்" என்று ஒரு இடம் இருக்கும். எல்லாத் தேதியையும் மூடிவிட்டு, தலைப்பை "இந்த வருடம் இடம் இல்லை" என்று மாற்றுங்கள். ஒரு வாரம் சும்மா இருங்கள். விசாரணை எண்ணிக்கை அப்போதும் ஏறினால் அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று உங்களுக்கே புரியும்.

கொலுசுப்பட்டறை, மார்ச் 10, இரவு 9:30

எல்லோருக்கும் நன்றி. சந்தா கட்டவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று அந்தப் பெண்ணிடம் இழுத்து வைத்திருக்கிறேன். ஆத்தூர் தம்பி சொன்னபடி தேதிகளை மூடிவிட்டேன்.

அக்ரிமெண்டை எடுத்தேன் ஐயா. சீசன் வெள்ளை. மே மாதம், தீபாவளி, பொங்கல், கிறிஸ்துமஸ் வாரங்கள் எனக்குக் கிடையாது என்று தனியாகக் கட்டம் போட்டே எழுதியிருக்கிறது. 15 வருடமாக வைத்திருக்கிறேன், இன்றைக்குத்தான் படிக்கிறேன்.

ரிட்டயர்டு கிளார்க், மார்ச் 10, இரவு 9:52

அப்படியானால் மே மாதம் அந்த பெங்களூரு குடும்பத்தை எங்கே தங்க வைப்பதாக இருந்தார்கள்? உங்கள் பட்டறையிலா?

மலைமேல்வீடு (ஏற்காடு), மார்ச் 11, மதியம் 2:10

நான் ஏற்காட்டில் காபித் தோட்டத்துக்குள் மூன்று அறை ஹோம்ஸ்டே நடத்துகிறேன். உங்களுக்குப் போட்டிக்காரி என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனாலும் உண்மையைச் சொல்கிறேன்.

ஏழு இரவு ஏற்காட்டில் யாரும் தங்குவதில்லை அண்ணா. சேலத்திலிருந்து 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவு. சேலத்துக்காரர்கள் காலையில் ஏறி ஏரியில் படகு விட்டு, லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட் பார்த்து, மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு இருட்டுவதற்குள் இறங்கிவிடுவார்கள். பெங்களூரு, கோவைக்காரர்கள் வெள்ளி இரவு வந்து ஞாயிறு கிளம்புகிறார்கள். இத்தனை வருடத்தில் என் வீட்டில் ஒரு வாரம் தங்கியது இரண்டே பேர். ஒருவர் பறவை ஆராய்ச்சி செய்பவர், இன்னொருவர் மனைவியோடு கோபித்துக்கொண்டு வந்தவர்.

சனி, ஞாயிறுக்கு ஆள் நிச்சயம் உண்டு. ஆனால் உங்கள் ரிசார்ட்டில் சனிக்கிழமை அறை மெம்பருக்கே கிடைக்காது, மாதக்கணக்கில் முன்னால் பிடித்திருப்பார்கள். உங்களிடம் விற்கக் கைவசம் இருப்பது செவ்வாயும் புதனும். அந்த நாட்களில் ரிசார்ட்டுக்காரர்களே காலியாக இருக்கும் அறைகளை முன்பதிவு ஆப்களில் இறக்கி விற்கிறார்கள். நேற்று பார்த்தேன், புதன்கிழமைக்கு காலைச் சாப்பாட்டோடு 3,800. முன்பின் தெரியாத ஒருவரின் மெம்பர்ஷிப்பில் தங்க வருபவர் அதைவிடக் குறைவாகத்தானே கொடுப்பார்? 3,500 என்று வையுங்கள். இரண்டு இரவுக்கு 7,000. சந்தா 7,079. கையிலிருந்து 79 ரூபாய் போகும். உங்கள் பராமரிப்புக் கட்டணத்தையே ஏழால் வகுத்தால் ஒரு இரவு உங்களுக்கு 3,034 ரூபாய் அடக்கம், அது தனி.

சேலத்திலிருந்து டல்லஸ், மார்ச் 12, காலை 7:45

நான் அம்மாபேட்டைக்காரி, இப்போது அமெரிக்காவில் இருக்கிறேன். சந்தா என்றாலே மோசம் என்று ஆகிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். இங்கே எங்களுக்கு ஆர்லாண்டோவில் ஒரு வார டைம்ஷேர் இருக்கிறது. ரெட்வீக் என்ற தளத்தில்தான் வாடகைக்கு விடுகிறோம். வருடச் சந்தா சுமார் 20 டாலர், வாடகை விளம்பரத்துக்குத் தனியாகக் கட்டணம். எங்களுக்கு அது கட்டுப்படியாகிறது.

ஆனால் ஏன் கட்டுப்படியாகிறது என்று பாருங்கள். சந்தா எங்கள் ஒரு இரவு வாடகையில் சின்னத் துணுக்கு, உங்களுக்கு அது இரண்டு இரவு வாடகை. ஆர்லாண்டோவுக்கு வருகிறவர்கள் டிஸ்னி பார்க்க வருகிறார்கள், குழந்தைகளோடு முழு வாரம் தங்குகிறார்கள். எங்களுடையது பத்திரம் பதிந்த உரிமை, வாடகைக்கு விட ரிசார்ட்டே அனுமதிக்கிறது. அதைவிட முக்கியம், அதே ரிசார்ட்டில் மற்றவர்கள் என்ன விலை போட்டிருக்கிறார்கள் என்று அங்கே பார்க்க முடியும். ஆள் பிடித்துத் தருகிறோம் என்று யாரும் போன் செய்வதில்லை. உரிமையாளர்களே 1993இலிருந்து நடத்தும் டக் என்ற குழு ஒன்றும் இருக்கிறது. நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டதெல்லாம் அங்கேதான்.

"ஆள் ரெடி, முன்பணம் மட்டும் கட்டுங்கள்" என்ற போன் இங்கேயும் உண்டு. அப்படிக் கேட்பவர்களுக்குப் பணம் கொடுக்காதீர்கள் என்று எஃப்டிசி என்ற அமெரிக்க அரசின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பே எச்சரித்திருக்கிறது. அங்கே பெங்களூரு குடும்பம், இங்கே கனடா குடும்பம், அவ்வளவுதான் வித்தியாசம்.

கொலுசுப்பட்டறை, மார்ச் 17, இரவு 10:05

ஒரு வாரம் ஆயிற்று. தேதி எல்லாம் மூடி, "இடம் இல்லை" என்று தலைப்பு வைத்த விளம்பரத்துக்கு விசாரணை 11இலிருந்து 14 ஆகியிருக்கிறது. மூன்று பேர் இல்லாத அறையை விசாரித்திருக்கிறார்கள். டச் தெரிந்துவிட்டது.

அந்தப் பெண் மறுபடி போன் செய்தார். எனக்கு மே மாதமே கிடையாதே என்றேன். ஒரு நிமிடம் சத்தமில்லை. பிறகு, "சார், நீங்கள் கோல்டு எடுத்தால் சீசனை அப்கிரேடு பண்ணித் தருகிறோம்" என்றார். ரிசார்ட்டின் சீசனை இவர்கள் எப்படி மாற்றுவார்கள்? வைத்துவிட்டேன். பாவம், அவரும் மாதச் சம்பளத்துக்குப் படித்து ஒப்பிக்கிறார்.

ஏற்கெனவே கட்டி ஏமாந்தவர்கள் என்ன செய்வது என்று இரண்டு பேர் தனியாகக் கேட்டிருந்தார்கள். எனக்குத் தெரியவில்லை, ஐயா சொல்ல வேண்டும்.

ரிட்டயர்டு கிளார்க், மார்ச் 18, காலை 6:10

போனில் பேசி மோசடியாகப் பணம் வாங்கியிருந்தால் உடனே 1930க்குப் போன் செய்யுங்கள், அது சைபர் குற்ற உதவி எண். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நடுவழியில் நிறுத்த வாய்ப்பு. வாடகை அனுப்புகிறேன் என்று சொல்லி யாராவது யுபிஐ ரகசிய எண்ணைப் போடச் சொன்னாலும் கவனம். பணம் வாங்குவதற்கு அந்த எண்ணைப் போட வேண்டியதே இல்லை.

மோசடி இல்லை, சொன்ன சேவையைச் செய்யவில்லை என்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் தீராவிட்டால் நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். விளம்பரம், மெசேஜ், ரசீது எல்லாவற்றையும் இப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள், நாளைக்குத் தளத்தில் இருக்காது.

தம்பி, ஒன்று கேட்க மறந்தேன். மூன்று வருடம் தங்கவில்லை என்றீர்கள், கட்டணம் மட்டும் கட்டியிருக்கிறீர்கள். அந்த இரவுகள் என்ன ஆயின? சேர்த்து வைத்துக்கொள்ளும் வசதி சில திட்டங்களில் உண்டு. ரிசார்ட் கம்பெனியில் எழுத்தில் கேளுங்கள்.

கொலுசுப்பட்டறை, ஏப்ரல் 2, இரவு 9:15

ஈமெயிலில் கேட்டேன், பதில் வர பத்து நாள் ஆயிற்று. முதல் வருடத்து ஏழு இரவு காலாவதி. மற்ற இரண்டு வருடத்து 14 இரவு கணக்கில் அப்படியே இருக்கிறதாம்! யாரும் சொல்லவே இல்லை. கெஸ்ட் விதியும் தெளிவாக எழுதி அனுப்பியிருக்கிறார்கள். உறவினர், நண்பரை அனுப்பலாம், அறைக்கு ஒரு சின்னக் கட்டணம் உண்டு, பொது விளம்பரம் கூடாது. தளத்திலிருந்த விளம்பரத்தை அன்றைக்கே எடுத்துவிட்டேன்.

பவானியில் இருக்கும் மச்சானுக்கு நடுவாரத்தில் மூன்று இரவு கொடுத்திருக்கிறேன், பராமரிப்புச் செலவில் அவர் பங்கைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். மீதியை யாருக்கும் கொடுப்பதாக இல்லை. ஆடியில் கல்யாணம் கிடையாது, பட்டறையில் வேலையும் குறைவு. வேலை செய்யும் ஆறு பேரையும் கூட்டிக்கொண்டு இரண்டு அறையில் இரண்டு இரவு போகலாம் என்றிருக்கிறேன். அதில் நாலு பேர் சேலத்திலேயே பிறந்தவர்கள், ஒரு இரவுகூட மலையில் தங்கியதில்லையாம்.

மலைமேல்வீடு, ஏப்ரல் 3, காலை 8:00

நல்ல காரியம் அண்ணா. ஆடியில் ஒரே பனிமூட்டம், பகோடா பாயிண்டில் நின்றால் பக்கத்தில் நிற்பவர் முகமே தெரியாது. எல்லோரையும் ஸ்வெட்டர் எடுத்துவரச் சொல்லுங்கள். ரிசார்ட்டில் சாப்பாடு ஆளுக்கு இவ்வளவு என்று தீட்டிவிடுவார்கள். ஒரு நாள் முன்னால் சொன்னால் ஏழு பேருக்கு என் வீட்டில் சமைத்து வைக்கிறேன்.