"நேரில்", "நேருக்கு நேர்": இரண்டும் ஒன்றா?

கேள்வி:
திருகோணமலையில் உள்ள எங்கள் சிறிய வாசகர் வட்டம் இதுவரை சூம் வழியாகவே கூடிவந்தது. அடுத்த மாதம் முதன்முறையாக ஓரிடத்தில் கூடவிருப்பதால், அழைப்பிதழில் "இம்முறை நேருக்கு நேர் சந்திப்போம்" என்று எழுதினேன். அதை வாசித்த மூத்த உறுப்பினர் ஒருவர், "யாரோடு சண்டைக்குப் போகிறீர்கள், தம்பி?" என்று கேட்டுச் சிரித்துவிட்டார். "நேரில்", "நேரடியாக", "நேருக்கு நேர்" ஆகிய மூன்றையும் நான் ஒரே பொருளிலேயே எழுதிவந்திருக்கிறேன். எங்கே பிழைத்தேன்?

மறுமொழி 1 (உவர்மலை):
மூன்றுக்கும் அடி "நேர்" என்பதே; பிரிவது பயன்பாட்டில்தான். "நேரில்" என்பது நாம் அவ்விடத்தில் இருந்ததை மட்டும் சொல்கிறது. கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில், கோட்டைக்குள் மேயும் மான்களை "நேரில் பார்த்தேன்" என்கிறோம். "நேருக்கு நேர் பார்த்தேன்" என்றால், மானும் தலையை நிமிர்த்தி என்னையே பார்த்துக்கொண்டு நின்றது என்றாகிவிடும். இரு தரப்பும் ஒன்றையொன்று எதிர்கொள்ளும் இந்தச் சாயலினால்தான் செய்தித்தாள்களில் பேருந்தும் லொறியும் நேருக்கு நேர் மோதுகின்றன. "நேரடியாக" என்பதிலோ இடத்தைப் பற்றிய பேச்சே இல்லை. நடுவில் வேறு ஆள் இல்லை என்பதே அதன் பொருள். ஆகவே அதிபரிடம் தொலைபேசியில் நேரடியாகப் பேசலாம். நேரில் பேச முடியாது.

மறுமொழி 2 (மூதூர்):
பல ஆண்டுகள் அலுவலகக் கடிதங்கள் வரைந்தவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன். நேர்முகப் பரீட்சைக்கான கடிதங்களில் "நேரில் சமுகமளிக்கவும்" என்று எழுதுவோம். இந்தச் "சமுகம்" முன்னிலை என்று பொருள்படும் வடசொல். மக்கள் கூட்டத்தைக் குறிக்கும் "சமூகம்" அன்று, ஆயினும் நெடிலிட்டு எழுதுவதே இன்று பெருவழக்கு. முன்னிலை என்றாலே போதுமே, "நேரில்" மிகைதானே என்று கேட்பார்கள். நான் அதை வெட்டியதில்லை, ஏனெனில் தமக்குப் பதிலாக இன்னொருவரை அனுப்பக்கூடாது என்பதை அழுத்திச் சொல்வது அந்த ஒரு சொல்தான். மூதூரிலிருந்து லோஞ்சுப் படகில் நகரத்துக்கு வந்துபோன நாட்களில், கடிதத்தில் "நேரில்" என்று கண்டாலே எங்களவர் பெருமூச்சு விடுவார்கள்.

மறுமொழி 3:
பெரியவர் சற்றுக் கடுமையாகச் சொல்லிவிட்டார் என்று நினைக்கிறேன். "நேருக்கு நேர் இருந்து கதைத்துத் தீர்த்துக்கொண்டார்கள்" என்று நல்லதற்கும் சொல்கிறோமே.

மறுமொழி 1 எழுதியவர்:
உண்மைதான், ஆனால் தீர்ப்பதற்கு ஒரு பிணக்கு முன்பே இருந்திருக்க வேண்டுமே! அதுவுமன்றி, சூம் திரையில் இத்தனை நாளும் ஒருவர் முகத்தை ஒருவர் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டுதானே இருந்தீர்கள்? இல்லாமலிருந்தது "நேரில்" மட்டுமே.

கேள்வி கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. "இம்முறை நேரில் கூடுவோம்" என்று மாற்றி அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். அந்த மூத்த உறுப்பினருக்கு மட்டும் தபாலில் அனுப்பாமல், நானே போய்க் கொடுக்கப் போகிறேன்.