தோற்ற தளபதிகள் எழுதியதைப் படித்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

யாங்கோனிலிருந்து:

வணக்கம். பர்மா போரில் தோற்ற பக்கத்துத் தளபதிகள் எழுதியதைப் படித்தவர்களும், அந்தப் போரைக் கண்ட பெரியவர்களோடு பழகியவர்களும் இங்கே எழுதுங்கள். முதலில் என்னுடையது.

2009-ல் பான்சோடான் தெரு நடைபாதையில் ஒரு பழைய புத்தகம் வாங்கினேன். ஜப்பானோடு சேர்ந்து பிரிட்டிஷாரை எதிர்த்த நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தின் (ஐ.என்.ஏ.) தளபதி ஷா நவாஸ் கான் 1946-ல் எழுதியது, நேரு முன்னுரையோடு. அட்டை இல்லை, ஓரமெல்லாம் கரையான் அரித்திருந்தது. வாங்கியதற்கு ஒரே காரணம் எங்கள் தாத்தா. ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர், 1943-ல் ஐ.என்.ஏ.வில் சேர்ந்து இந்திய எல்லையை ஒட்டிய சின் மலைப் பக்கம் போய் வந்தார். கலேவா, ஃபாலாம், ஹாக்கா என்று மூன்று ஊர்ப் பெயர்கள் அவர் வாயில் அடிக்கடி வரும். ஷா நவாஸின் சுபாஷ் படைப்பிரிவு போனதும் அந்த வழிதான்.

அப்போது தாத்தாவுக்கு எண்பத்தேழு வயது. ராத்திரி சாப்பாடு முடிந்ததும் நான் ஆங்கிலத்தில் வாசித்துத் தமிழில் சொல்வேன். ஜப்பான்காரர்கள் இவர்களைச் சண்டைக்கு அனுப்பாமல் ரோடு போடவும் சுமை தூக்கவும் வைத்ததைப் பற்றி ஷா நவாஸ் மனக்கசப்போடு எழுதியிருப்பார். அந்த இடம் வந்ததும் தாத்தா எழுந்து உட்கார்ந்தார். "ரோடுதான் போட்டோம். பாறை உடைச்சோம். அதை எழுதியிருக்காரா? சரி, அப்ப அந்த ஐயா பொய் சொல்லல." மழைக்காலத்துப் பின்வாங்கலைப் படித்தபோது குறுக்கே பேசவில்லை. முடித்த பிறகு, "குண்டு பட்டுச் செத்தவன் கொஞ்சம். காய்ச்சலிலயும் வயித்துக்கடுப்பிலயும் போனவன்தான் எங்க பக்கம் அதிகம்" என்றார்.

நாலைந்து நாள் கழித்து ஒரு கேள்வி கேட்டார். "எங்க ஆளுங்க பேரு வருதா?" தாத்தாவோடு போன தமிழர்களைக் கேட்கிறார். கப்பல் கூலிகள், வண்டிக்காரர்கள், பெகு பக்கத்து வயல்காரர்கள். பக்கம் பக்கமாகப் புரட்டினேன். என் கண்ணில் படவில்லை. அவர் கோபப்படவில்லை, அவராகவே பெயர்களைச் சொல்ல ஆரம்பித்தார். மொத்தம் பதினொரு பேர். அப்பன் பெயர், தெருப் பெயர், யார் எங்கே விழுந்தார் என்பதுவரை. புத்தகத்தின் கடைசி வெற்றுத்தாளில் பென்சிலால் எழுதிக்கொண்டேன்.

ஷா நவாஸைக் குறை சொல்ல மாட்டேன். 1945 நவம்பரில் டெல்லி செங்கோட்டையில் பிரிட்டிஷார் தொடங்கிய வழக்கில் ஆயுள் தண்டனை பெற்று, 1946 ஜனவரியில் அது ரத்தாகி வெளியே வந்தவர். அந்த ஆண்டே எழுதிய புத்தகம் அது. நாங்கள் துரோகிகள் இல்லை என்று நாட்டுக்குச் சொல்வதுதான் அவருக்கு அவசரமாக இருந்தது. 1942-ல் பர்மாவை விட்டுப் பின்வாங்கிய பிரிட்டிஷ் தளபதி ஸ்லிம் தன் தவறுகளைத் தானே எழுதியிருக்கிறார், உண்மைதான். ஆனால் அவர் கடைசியில் ஜெயித்தவர், அவருக்கு அது முடியும்.

எனக்கு மனசு ஆறாத ஆள் ஜப்பான் தளபதி முதாகுச்சி. 1944 மார்ச்சில் ஏறத்தாழ 85,000 பேரை மணிப்பூரின் இம்பாலைப் பிடிக்க அனுப்பினார், மூன்று வாரச் சாப்பாட்டை மட்டும் கொடுத்து. சுமார் 30,000 பேர் திரும்பவில்லை. கோஹிமாவில் பட்டினி கிடந்த தன் டிவிஷனை, முதாகுச்சிக்குக் கீழிருந்த தளபதி சாதோ உத்தரவில்லாமலே பின்னால் கூட்டி வந்தார், ராணுவ விசாரணைக்கும் தயாராக இருந்தார். விசாரித்தால் எல்லாம் வெளியே வரும். அதனால் சாதோவுக்குப் புத்தி சரியில்லை என்று சொல்லி விசாரணையையே நடத்தவில்லை. முதாகுச்சியோ, கடைசிக் காலத்திலும் தன் மேல் பிழையில்லை என்று துண்டறிக்கை அச்சிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

பெகுவிலிருந்து:

அண்ணே, அந்த மூன்று வாரச் சாப்பாட்டில் எங்கள் வீட்டு மாடும் உண்டு. வழியில் அடித்துத் தின்னலாம் என்று ஆயிரக்கணக்கான மாடுகளைப் படையோடு ஓட்டிப் போனார்கள். செங்கிஸ்கான் அப்படிச் செய்தானாம். பர்மாவின் சிந்த்வின் ஆற்றைத் தாண்டும்போதே நிறைய மாடு வெள்ளத்தில் போய்விட்டது. எங்கள் அப்பாயி வீட்டில் இரண்டு ஜோடி உழவு மாட்டைப் பிடித்துக்கொண்டு ஜப்பான் நோட்டைக் கையில் திணித்துவிட்டுப் போனார்கள். 1945-க்கு அப்புறம் அந்த நோட்டு அடுப்பெரிக்கத்தான் ஆனது. ஒன்றை மட்டும் அப்பாயி சுருக்குப்பையில் கடைசிவரை வைத்திருந்தார். இம்பால் பற்றி எங்கே படித்தாலும் நான் முதலில் தேடுவது மாட்டைத்தான். எருது எத்தனை என்று கணக்கு இருக்கும், யாருடையது என்று இருக்காது.

மிங்கலாடோனிலிருந்து:

போரில் பிரிட்டிஷ் பக்கம் இறந்தவர்களுக்கான தௌக்யான் கல்லறைத் தோட்டம் எங்களுக்குப் பக்கம். 6,374 கல்லறைகள், தூண்களில் ஏறத்தாழ 27,000 பெயர்கள். தூணில் தமிழ்ப் பெயர்களைப் பார்த்திருக்கிறேன், பிரிட்டிஷ் பட்டாளத்தில் இருந்தவர்கள். ஐ.என்.ஏ.வில் போனவர்களுக்கு அங்கே இடமில்லை. அண்ணே, அந்தக் கடைசித் தாளைப் படம் எடுத்து அனுப்ப முடியுமா? எங்கள் ஆயாவின் அண்ணன் 1944-ல் கலேவா போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர். துறைமுகத்தில் வேலை பார்த்தவர்தான்.