மிஷ்ரி பழக்கத்தை விடுவதற்கு மாமியாருக்கு எவ்வாறு உதவலாம்?

கேள்வி (தாராவி)
திருநெல்வேலியிலிருந்து மணமாகி மும்பைக்கு வந்த என் மாமியார், பல்வலிக்காக அண்டை வீட்டுப் பெண்கள் கொடுத்த மிஷ்ரி என்ற புகையிலைப் பொடியைப் பல்லில் தேய்க்கத் தொடங்கி, இப்போது அது இல்லாமல் இருக்க முடியாத நிலைக்கு வந்துவிட்டார். குட்காவை அறவே வெறுக்கும் அவர், மிஷ்ரியை வெறும் பற்பொடி என்றே நம்புகிறார். கருவுற்றிருக்கும் என் நாத்தனாருக்கும் அதைக் கொடுக்க முன்வருகிறார். அவர் மனம் நோகாமல் எப்படித் தடுப்பது?

மறுமொழி (செம்பூர், பல் மருத்துவர்)
நாத்தனார் விஷயத்தில் தாமதம் வேண்டாம். மிஷ்ரி என்பது தவாவில் கருக வறுத்துப் பொடித்த புகையிலைதான். மும்பைக் கர்ப்பிணிகளிடம் நடத்தப்பட்டு 2004இல் வெளியான ஆய்வில், புகையிலையை வாயில் பயன்படுத்திய தாய்மார்களின் குழந்தைகள் சராசரியாக 105 கிராம் எடை குறைந்து பிறந்தது தெரியவந்தது. குறைப்பிரசவமும் அவர்களிடம் அதிகமாக இருந்தது.

மாமியாரிடம் புற்றுநோயைச் சொல்லி அச்சுறுத்துவதற்கு முன்பு, அவரைப் பல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். சொத்தைப் பல் வலித்துக்கொண்டிருக்கும்வரை, வலியை மறக்கச் செய்யும் பொடி அவருக்கு மருந்தாகவே தோன்றும். நிறுத்தியதும் வலி திரும்பினால் அந்த நம்பிக்கை இன்னும் உறுதிப்படும். ஈறிலும் கன்னத்தின் உட்புறத்திலும் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டுகளோ, இரண்டு வாரங்களாகியும் ஆறாத புண்ணோ உள்ளனவா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

மறுமொழி (சயான் கோலிவாடா)
மருத்துவர் சொல்வது சரி. ஆனால் பல் குணமானாலும் பழக்கம் போகாது. எங்கள் சாலில் (வரிசை வீட்டுக் குடியிருப்பில்), தண்ணீர் பிடித்து, ஆண்களை வேலைக்கு அனுப்பிய பிறகு, பெண்கள் வாசற்படியில் உட்கார்ந்து ஒரே டப்பாவிலிருந்து மிஷ்ரி எடுத்துத் தேய்ப்பார்கள். மொழி தெரியாமல் வந்த என் அம்மாவுக்கு அந்த வட்டம்தான் இந்த ஊரில் கிடைத்த முதல் உறவு. டப்பாவை மறுப்பது அந்த உறவையே மறுப்பதாக அவருக்குத் தோன்றியது. 2012இல் மகாராஷ்டிரத்தில் குட்காவுக்குத் தடை வந்தது உண்மைதான், ஆனால் வீட்டு அடுப்பில் வறுக்கும் பொடியை எந்தத் தடை எட்டும்? அம்மாவுக்கு நெருக்கமான அண்டை வீட்டு அக்காவும் சேர்ந்து நிறுத்தச் சம்மதித்த பிறகே அவரால் விட முடிந்தது. ஆகவே, உங்கள் மாமியாரிடம் மட்டும் பேசாதீர்கள். அவருடைய தோழியிடமும் பேசுங்கள்.

மறுமொழி (மாட்டுங்கா)
புகையிலையை விடுவதற்கான தேசிய உதவி எண் 1800-11-2356, கட்டணமில்லை. பெங்களூரு நிமான்ஸ் மனநல மருத்துவமனையின் மையம் வழியாகத் தமிழிலும் ஆலோசனை கிடைக்கிறது. மாமியாரே நேரடியாகப் பேசுவது நல்லது.