ரத்தத்துலயே இருக்குன்னா நடந்து என்ன பிரயோசனம்?

குடவாசல்காரி:
அம்மாவுக்கு ஓவரில கேன்சர், சித்திக்கு மார்புல. அக்கா டெஸ்ட் எடுத்ததுல பிஆர்சிஏ1ங்கற ஜீன்ல பரம்பரைக் கோளாறு, பாசிட்டிவ், இப்ப எனக்கும் அதேதான் வந்துருக்கு. வயசு 29, கைக்கொழந்தை இருக்கு. 80 வயசுக்குள்ள மார்புல வர 100க்கு 70 வாய்ப்புன்னு டாக்டர் சொன்னதுலேந்து தூக்கம் போச்சு. தெனம் விடியக்காலைல ஆத்தங்கரைல நடக்குறேன், இனிப்ப விட்டுட்டேன், எங்க நாத்தனார் என்னடான்னா ரத்தத்துல இருக்கறது நடந்தா போயிடுமாங்கறாங்க. நெசமாவே ஒண்ணும் மாறாதா?

வெண்ணாறு:
ஜீன் போகாதுதான், அதுவரைக்கும் உங்க நாத்தனார் சொல்றது சரி. ஆனா இத கேளுங்க. பிஆர்சிஏ1 எந்த குரோமோசோம்ல இருக்குன்னு 1990ல காட்டுன மேரி கிளேர் கிங், 2003ல நியூயார்க் பக்கம் யூதக் குடும்பங்கள்ல பாத்தாங்க. இந்த மாதிரி ஜீன் கோளாறு இருக்கறவங்கள்லயே, 1940க்கு முன்னாடி பொறந்தவங்களுக்கு 50 வயசுக்குள்ள மார்புல கேன்சர் வந்தது 24 சதவீதம், அப்பறம் பொறந்தவங்களுக்கு 67. கோளாறு அதேதான், வாழ்ற விதம் மாறிப்போச்சு. சின்ன வயசுல ஓடியாடி ஒடம்பு போடாம இருந்தவங்களுக்கு நோய் தள்ளிப் போயிருக்கு. கொழந்தைக்குப் பால் குடுக்கறதையும் அவசரப்பட்டு நிறுத்தாதீங்க, பிஆர்சிஏ1 உள்ளவங்க ஒரு வருஷத்துக்கு மேல குடுத்தா ரிஸ்க் கொறையுதுன்னு ஆய்வு இருக்கு.

மன்னைத் தாத்தா:
பழைய சோறும் வாழைக்காயும் சாப்டு வெத்தல பாக்கு போட்டா ஒண்ணும் வராது, வெள்ளக்காரனே ஆராய்ச்சி பண்ணி ஒத்துக்கிட்டான், வாட்சப்ல வந்துச்சே பாக்கலையா

திருவாரூர் சிஸ்டர்:
தாத்தா, அந்த ஆராய்ச்சி லின்ச் சிண்ட்ரோம்னு வேற பரம்பரைக் கோளாறு உள்ளவங்களுக்குப் பண்ணது, அந்தக் குடும்பங்கள்ல குடல்லதான் ஜாஸ்தி வரும். பழைய சோறெல்லாம் குடுக்கல, செரிக்காத மாவுச்சத்துப் பொடி, தெனம் 30 கிராம், ரெண்டு வருஷம் போல. 2022ல முடிவு வந்தப்ப இரைப்பை, கணையம், பித்தநாளம் மாதிரி எடத்துல வர்றது பாதிக்கு மேல கொறஞ்சுது, பெருங்குடல்ல வர்றது கொறையவே இல்ல. அதக் கொறச்சது ஆஸ்பிரின், அதையும் டாக்டர் சொல்லாம யாரும் தொடாதீங்க. பழைய சோத்துல அந்த மாவுச்சத்து கொஞ்சம் இருக்கு, நல்லா சாப்டுங்க, ஆனா பிஆர்சிஏக்கு அது மருந்து இல்ல. பாக்கு வேற கதை. பொகையில சேக்காட்டாலும் வெறும் பாக்கே வாய்ப்புற்றக் கொண்டுவரும், உலக சுகாதார அமைப்போட பட்டியல்ல சிகரெட் இருக்கற அதே மொத வகுப்புல பாக்கும் இருக்கு.

மன்னைத் தாத்தா:
பொகையிலய விட்டாச்சு. பாக்கு... பாப்பம்மா

குடவாசல்காரி:
அப்ப எடை ஏறாம பாத்துக்கிட்டு நடந்துக்கிட்டு இருந்தா, இந்த வருஷாவருஷம் எம்ஆர்ஐங்கறாங்களே அதெல்லாம் வேணுமா சிஸ்டர்? செலவு பயமா இருக்கு.

திருவாரூர் சிஸ்டர்:
கண்டிப்பா வேணும் அக்கா, 70ங்கறத நடை கொஞ்சம் எறக்கலாம், ஊர்ல மத்தவங்க அளவுக்குக் கொண்டுவராது. உங்க வயசுக்கு மார்பு எம்ஆர்ஐ, 30லேந்து மேமோகிராமும், அதான் மார்பு எக்ஸ்ரே, சேத்து. பால் குடுக்கறத சொல்லிட்டு எப்ப எடுக்கலாம்னு கேட்டுக்குங்க. ஓவரிக்கு நம்பிப் பாக்கற மாதிரி ஸ்கேனே கெடையாது, அதனால இனி கொழந்த வேணாம்னு முடிவானவங்களுக்கு 35லேந்து 40க்குள்ள ஓவரியையும் கருக்குழாயையும் எடுத்துடச் சொல்லுவாங்க. அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்ல பரம்பரைக் கேன்சருக்கு ஆலோசனை தர்றாங்க, ஒருதடவ போய்ட்டு வாங்க. கூடப்பொறந்த ஆம்பளைங்க இருந்தா அவங்களும் டெஸ்ட் எடுக்கணும், அவங்களுக்கும் இந்த ஜீன் கோளாறு இருக்க பாதிக்குப் பாதி வாய்ப்பு, அவங்க மூலமா பொண்ணுக்கும் போகும்.

குடவாசல்காரி:
தம்பி கும்மோணத்துல கடை வச்சுருக்கான், ரெண்டு பொண்ணு. ஊசின்னாலே ஓடுவான். அவன் ரத்தத்த தஞ்சாவூர்லயே எடுத்து அனுப்புவாங்களா, இல்ல மெட்ராஸ் கூட்டிட்டுப் போகணுமா?