சீட்டுக்குறியா, குழூஉக்குறியா? வியாழனுக்குள் ஒரு சொல் வேண்டும்

அன்பர்களுக்கு வணக்கம்.

பிரிட்ஜ் என்ற சீட்டாட்டத்தில் கூட்டாளிக்குச் சீட்டாலேயே செய்தி சொல்வதை 'சிக்னல்' என்கிறார்கள். நம் கையேட்டில் போட அதற்கு ஒரு தமிழ்ச் சொல் தேடுகிறோம். நான்கு நாளாக வந்த மடல்கள் எல்லாவற்றையும் படித்துவிட்டேன். வியாழன் காலை கையேடு அச்சுக்குப் போகிறது. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதற்கெல்லாம் எதற்குத் தமிழ்ச் சொல் என்று கேட்ட தம்பிக்கு முதலில். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் சனிக்கிழமைதோறும் இடைநிலைப்பள்ளிப் படிவம் மூன்று, நான்கு பிள்ளைகளுக்கு பிரிட்ஜ் சொல்லித் தருகிறோம். போன வாரம் எதிரணி நாலு இஸ்பேட் ஏலம் எடுத்திருந்தது, அதாவது இஸ்பேட்டைத் துருப்பாக வைத்துப் பத்துச் சுற்று பிடிப்பதாக. ஒரு பையன் ஆட்டின் (சிவப்பு இதயச் சீட்டு) ஏஸை இறக்கினான், ராஜாவும் அவனிடம்தான். டம்மியில் (ஏலம் எடுத்தவரின் கூட்டாளி மேசையில் விரித்துவைக்கும் சீட்டுகளில்) 8, 6, 4. அவன் கூட்டாளியான பெண்ணிடம் ராணி, 9, 2. அவள் யோசித்துச் சரியாக 9-ஐப் போட்டாள். 'எனக்கு இதில் பலம் இருக்கிறது, இதையே தொடர்ந்து இறக்கு' என்று பொருள். பையன் அதைப் பார்க்கவே இல்லை, டைமனுக்கு மாறினான். ஏலம் எடுத்தவர் மிச்ச ஆட்டினை டம்மியின் டைமன்மேல் கழித்துவிட்டுப் பத்துச் சுற்றையும் பிடித்துவிட்டார். "அவள் காட்டினாளே, பார்க்கலையா?" என்றேன். "என்ன காட்டினா சார்?" என்றான். பதிலுக்கு என்னிடம் சொல் இல்லை.

ஈப்போ ஐயாவின் 'சைகை'யை என்னால் ஏற்க முடியவில்லை. சைகை என்றால் கை, கண், முகம். பிரிட்ஜில் அதுதான் குற்றம். 1965-இல் புவெனஸ் ஐரிஸ் உலகப் போட்டியில், சீட்டைப் பிடிக்கும் விரல்களால் ஆட்டின் எண்ணிக்கையைச் சொன்னதாக ஒரு பிரிட்டிஷ் இணைமீது எழுந்த புகார் ஆண்டுக்கணக்கில் ஓயவில்லை. சீட்டு மட்டும்தான் பேசலாம்.

பினாங்கு அக்கா தந்த 'குழூஉக்குறி' அழகான சொல். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதும், வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பதும் நாம் எல்லோரும் படித்ததுதான். ஆனால் பொற்கொல்லர் 'பறி' என்றது நகை வாங்க வந்தவருக்குப் புரியக் கூடாது என்பதற்காக. பிரிட்ஜில் கதை நேர்மாறு. பெரிய சீட்டு 'தொடர்', சின்னது 'வேண்டாம்' என்று வைத்துக்கொள்ளலாம். தலைகீழாக வைத்துக்கொள்பவர்களும் உண்டு. எதுவானாலும் அது எதிரணிக்குத் தெரிந்திருக்க வேண்டும், கேட்டால் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒளிக்கக் கூடாத ஒன்றுக்கு ஒளிக்கும் சொல்லை வைத்தால் பிள்ளைகள் ஆட்டத்தையே தப்பாகக் கற்றுக்கொள்வார்கள். என் மறுப்பு முழுக்க இதில்தான்.

'சமிக்ஞை' வடமொழி, கூடாது என்ற அணிக்கும், 'சிக்னல்' போதும் என்ற அணிக்கும் நடந்த சண்டையில், யாழ்ப்பாண வழிவந்த பெரியவர் ஒருவர் தன் வீட்டில் ஆடும் '304' என்ற சீட்டாட்டத்தை நினைவூட்டினார். இஸ்பேட்டை அவர்கள் இஸ்கோப்பன் என்பார்கள். டச்சுக்காரர் விட்டுப்போன 'ஸ்கோப்பன்'. அதை யாரும் தமிழில்லை என்று சொல்வதில்லை. நியாயம்தான். ஆனாலும் பையன் புரிந்துகொள்ள 'குறி' போதும். குறிப்பறிதல் என்று திருக்குறளிலேயே 71, 110 என இரண்டு அதிகாரம் இருக்க, நாம் ஏன் தயங்க வேண்டும்? (110-ஆம் அதிகாரத்தின் கண்பார்வை பிரிட்ஜுக்குப் பொருந்துமா என்று போன மூன்று மடல்களையும் ரசித்தேன். பொருந்தாது, பார்வையும் குற்றமே.) வெறும் 'குறி' என்றால் வகுப்பில் சிரிப்பார்கள் என்ற கிள்ளான் ஆசிரியையின் அச்சம் சரி. ஆகவே 'சீட்டுக்குறி'.

அடுத்தது, கூட்டாளிகள் முன்கூட்டியே பேசிவைப்பதற்குப் பெயர். 'ஒப்பந்தம்' முடியாது, ஏலத்தில் முடிவாகும் நாலு இஸ்பேட்டே ஒப்பந்தம்தான். 'உடன்பாடு' என்றால் இலக்கணம் படித்த பிள்ளை எதிர்மறையின் எதிர்ச்சொல்லாக எடுத்துக்கொண்டு, 'உடன்பாட்டுக் குறி'யை 'தொடர்' என்ற குறியாகவே நினைக்கும். எனக்கு 'இசைவு' பிடித்திருக்கிறது: சீட்டுக்குறி இசைவு.

மூன்று வகைக் குறியில் விருப்பக்குறியும் ('தொடர்', 'வேண்டாம்' என்பது) எண்ணிக்கைக்குறியும் (கையில் எத்தனை சீட்டு என்பது) தகராறில்லை. அடுத்து எதை இறக்குவது என்று காட்டும் மூன்றாவதில்தான் சிக்கல். இஸ்பேட், ஆட்டின், டைமன் போன்ற பிரிவைச் சீட்டாடுபவர்கள் 'ஜாதி' என்பார்கள். வகுப்பறையில் அந்தச் சொல்லை நான் எழுதமாட்டேன். 'இனம்' என்றால் மலேசியாவில் பிள்ளைக்கு முதலில் ஞாபகம் வருவது விண்ணப்பப் பாரத்தில் நிரப்பும் கட்டம். இப்போதைக்கு 'வகைக்குறி' என்று போட்டிருக்கிறேன், மனமில்லாமல்.

இதுவரை 'சீட்டுக்குறி'க்கு ஏழு பேர், 'சிக்னல்' போதும் என்று மூன்று பேர். ஈப்போ ஐயா 'சைகை'யை விடவில்லை, அவர் மறுப்பையும் குழுவின் பதிவில் வைக்கிறேன். 'வகை'யைவிட நல்ல சொல் இருந்தால் புதன் இரவுக்குள் எழுதுங்கள், பக்கம் 6-இல் இடம் விட்டிருக்கிறேன்.