சொரிமுத்து அய்யனார் கோவிலுக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு

அன்புள்ள ஊர்ச் சொந்தங்களுக்கு வணக்கம்.

ஆடி அமாவாசைக்கு வருவதாக ஷார்ஜா, சிங்கப்பூர், டல்லாஸ் என்று பல பக்கமிருந்தும் எழுதியிருக்கிறீர்கள். வருகிறவர்களில் பெரும்பாலோர் ஒரு நாளாவது சொரிமுத்து அய்யனார் கோவிலுக்குப் போவீர்கள். பாபநாசம் சோதனைச்சாவடியைத் தாண்டிவிட்டால் நாம் இருப்பது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள். 1988-ல் அறிவிக்கப்பட்டது, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். கோவிலுக்குப் போகிற நினைப்பில் காட்டுக்குள் நிற்கிறோம் என்பதே பலருக்கு மறந்துவிடுகிறது. ஒரு நாள் வந்து போகிற நம்மால் அந்தக் காட்டுக்கு என்ன செய்ய முடியும் என்று சொல்லத்தான் இந்த மடல்.

எனக்கு ரொம்ப மனவருத்தம் தருவது துணி. பாபநாசம் படித்துறையில் முழுக்குப் போட்டு உடுத்திய துணியைத் தாமிரபரணி ஆற்றோடு விடுகிறோம். நம் தாத்தா காலத்து வேட்டி பருத்தி. சில மாதங்களில் மட்கிவிடும். இப்போது விடுகிற பாலியஸ்டர் சேலையும் சட்டையும் மட்குவதில்லை. பாறை இடுக்கில் சிக்கி, மணலில் புதைந்து, அப்படியே கிடக்கிறது. தொண்டர்கள் வருஷம் தவறாமல் இறங்கி இழுத்துப் போட்டும் தீரவில்லை. புன்னைக்காயலில் கடலைச் சேரும்வரை நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்கள் குடிக்கிற தண்ணீர் இது. பரிகாரம் செய்கிறவர்கள் துணியைப் பிழிந்து ஒரு பையில் போட்டுத் திரும்பக் கொண்டுவாருங்கள். வீட்டுப் பெரியவர்கள் மனம் ஒப்பவில்லை என்றால் ஒரு முழம் பருத்தித் துண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சோப்பு, ஷாம்பு, எண்ணெய்க் குளியலை எல்லாம் வீட்டிலேயே முடித்துவிடுங்கள். மலையாற்றில் வெறும் முழுக்கே போதும்.

அப்புறம் பொங்கல் வைக்கிற வேலை. விறகைக் கீழேயே வாங்கிக்கொண்டு போங்கள். காட்டில் காய்ந்து கிடக்கிற கட்டை நமக்கு விறகாகத் தெரிகிறது. கரையானும் வண்டும் பல்லியும் வாழ்கிற இடம் அது. குடில் போடக் கம்பு வெட்டுவதும் வேண்டாம். பொங்கி முடித்ததும் அடுப்பில் தண்ணீர் ஊற்றி, கங்கு ஒன்றுகூட இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். பால், எண்ணெய், பன்னீர் எல்லாவற்றையும் தூக்குவாளியிலும் எவர்சில்வர் செம்பிலும் ஊற்றி எடுத்துப்போனால் பாதிக் குப்பை வீட்டிலேயே நின்றுவிடும். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி முதலே தடை இருக்கிறது. சாவடியிலும் பையைத் திறந்து பார்ப்பார்கள். அவர்களிடம் வாக்குவாதம் செய்யாதீர்கள். சோற்று வாசமும் உப்புச் சுவையும் ஒட்டிய பாலித்தீன் பையை மிளாவும் (கடமான்) மானும் தின்றுவிடுகின்றன. அது வயிற்றில் தங்கிவிட்டால் செரிக்காது, வெளியேயும் வராது. கிடா வெட்டுகிறவர்கள் எலும்பையும் எச்சில் இலையையும் மூட்டை கட்டிக் கீழே இறக்க வேண்டும். போட்டுவிட்டு வந்தால் காட்டுப்பன்றிகள் ஆள் இருக்கும் இடத்தைத் தேடி வரப் பழகிவிடும்.

குரங்குக்குப் பிள்ளைகள் கையால் வாழைப்பழம் கொடுக்கலாமா என்று டொராண்டோ மதினி கேட்டிருந்தார்கள். வேண்டாம் மதினி. தீனிக்குப் பழகிய குரங்கு சாலையோரத்திலேயே காத்துக் கிடக்கிறது. வண்டியில் அடிபடுகிறது, பை வைத்திருப்பவர்களைக் கடிக்கிறது. பிள்ளைகளுக்குக் காட்ட அங்கே வேறு எவ்வளவோ உண்டு. மரத்தின் மேலே கருமந்தி தெரியும். ஆறு அமைதியாக இருக்கும் நேரத்தில் கொஞ்சம் பொறுமையாக உட்கார்ந்தால் நீர்நாய்கூடக் கண்ணில் படலாம். பாட்டுப் பெட்டி அலறினால் இது எதுவும் கிடைக்காது.

சாலையில் மெதுவாகப் போங்கள், ஹாரன் அடிக்காதீர்கள், வழியில் இறங்கிப் படம் எடுக்காதீர்கள். அடிபட்ட விலங்கையோ தீயையோ பார்த்தால் சாவடியில் சொல்லிவிடுங்கள். காணிப் பழங்குடி மக்கள் தேனோ கிழங்கோ விற்றால் பேரம் பேசாமல் வாங்குங்கள். அந்தக் காட்டோடு வருஷம் முழுக்க இருக்கிறவர்கள் அவர்கள்தான்.

சங்கத்தின் பெயரில் கோவில் பக்கம் பிளெக்ஸ் வைக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. எனக்கு அதில் சம்மதம் இல்லை. விழா முடிந்ததும் அந்த பிளெக்ஸ் காட்டில்தான் கிடக்கும். அந்தப் பணத்துக்குக் கோணிச் சாக்கு வாங்கி, குடும்பத்துக்கு இரண்டாகக் கொடுத்துவிடலாம். ஒன்றில் நம் குப்பை, இன்னொன்றில் நம்மைச் சுற்றிக் கிடக்கிற அடுத்தவர் குப்பை. எத்தனை பேர் வருகிறீர்கள், எந்தத் தேதியில் மலைக்குப் போகிறீர்கள் என்று இந்த வாரத்துக்குள் குழுவில் எழுதுங்கள். சமீப வருஷங்களில் திருவிழா நாட்களில் தனி வண்டிகளுக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. அதனால் எல்லாரும் சேர்ந்து பஸ்ஸில் போகிற மாதிரியே திட்டம் போடலாம்.